மூன்று கம்பிகளும் ஒரு தொலைநோக்கியும்

மூணாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன தேயிலைத் தோட்டங்களும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையைப் போர்த்துப் பூக்கும் நீலக்குறிஞ்சியுமே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அம்மலைமீது இரவில் விரியும் வானத்தைத் தொலைநோக்கியால் பார்க்க விரும்புவோர் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு சிறு வடத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். கடையில் ‘கேபிள்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அவ்வகை வடந்தான் அது. அதன் ஒரு முனை கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் செருகப்படும், மறுமுனை தொலைநோக்கியைத் தாங்கி நிற்கும் பீடத்தில் செருகப்படும். இடையே ஓடவேண்டிய கம்பிகள் மூன்றே மூன்று.

மூன்று கம்பிகளைப் பற்றி ஒரு பேச்சா என்று கேட்கலாம். அம்மூன்றும் சரியாக அமைந்தால், பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள கருவி நாம் சொன்ன நட்சத்திரத்தை நோக்கித் தானே திரும்பும். அவற்றுள் ஒன்று இடம் மாறி அமைந்தால், அக்கருவியின் மின்பலகை ஒரு நொடியில் கருகிப்போகக்கூடும். மலைநாட்டில் கருகியதற்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் இது சிறு பொருளாயினும் சிந்தித்துச் செய்யவேண்டிய பொருள்.

முதலில் இடத்தின் இயல்பைப் பார்ப்போம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அருகே நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மேகமும் வானத்தை மூடிவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரையில் கிடைக்கும் தெளிந்த இரவுகளே வானநூல் அன்பர்களுக்கு அறுவடைக் காலம். அந்த இரவுகளில் ஒன்றையேனும் ஒரு கம்பியின் கோளாறால் இழப்பது பெரு நஷ்டம்.

மூணாற்றின் அட்சரேகை வடக்கு 10 பாகை. இவ்வெண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகையே அவ்வூரின் அட்சரேகையாகும். மூணாற்றில் அது 10 பாகை உயரத்தில் பதுங்கி நிற்கிறது. பிழைப்பை நாடி வடக்கே சென்ற நம் தமிழர் பெங்களூரில் அதே நட்சத்திரத்தை 13 பாகை உயரத்தில் காண்பர், மும்பையில் 19, கல்கத்தாவில் இருபத்திரண்டரை, டில்லியில் இருபத்தெட்டரை. ஊரைவிட்டு எவ்வளவு வடக்கே வந்திருக்கிறோம் என்பதை வானமே நமக்கு அளந்து காட்டுகிறது. தென்திசையில் ஒளிரும் அகத்திய நட்சத்திரமோ இதற்கு நேர்மாறாகத் தாழ்ந்துகொண்டே போகும். மூணாற்றில் 27 பாகை வரை எழும்பும் அது, டில்லியில் 9 பாகையைக்கூட எட்டுவதில்லை.

இந்த அட்சரேகைக்கும் நம் வடத்துக்கும் என்ன தொடர்பு? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதுபோல் தோன்றுகின்றன. பூரணச் சந்திரனின் விட்டம் வானில் அரைப் பாகை. அவ்வளவு தூரத்தை வான நடுவரையை ஒட்டிய ஒரு நட்சத்திரம் இரண்டே நிமிடங்களில் கடந்துவிடும். அசையாத தொலைநோக்கியில் பார்ப்போமானால், கண்டு மகிழுமுன்னரே காட்சி நழுவிப்போகும். இதைத் தடுக்கவே துருவ அச்சுப் பீடம் ஏற்பட்டது. அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தப்படும். ஒரு மோட்டார் அவ்வச்சைப் பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில், அதே வேகத்தில் சுழற்றும். நட்சத்திரம் காட்சியின் நடுவிலேயே நிற்கும்.

அச்சைச் சாய்க்கவேண்டிய அளவு ஊரின் அட்சரேகையே. டில்லியில் இருபத்தெட்டரைப் பாகை சாய்த்து, துருவ நட்சத்திரத்தைக் குறிபார்த்து நிறுத்திவிடலாம். மூணாற்றில் அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. சில பீடங்களில் எடைக்கல் கோர்த்த தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரமோ பல இடங்களில் மலைமுகட்டுக்குப் பின்னே மறைந்திருக்கும். மறையாத இடத்திலும் பள்ளத்தாக்கின் மூடுபனி அதனை மங்கச் செய்யும். குறிபார்க்க நட்சத்திரமே இல்லாதபோது அச்சை எப்படி நிறுத்துவது?

இவ்விடத்தில்தான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. தொலைநோக்கியோடு ஒரு புகைப்படக் கருவியைப் பொருத்தி, வானத்தின் மூன்று இடங்களை அடுத்தடுத்துப் படமெடுத்தால், படங்களில் உள்ள நட்சத்திரங்களை அடையாளங்கண்டு, அச்சு எத்திசையில் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதை மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லிவிடும். துருவ நட்சத்திரத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. பற்சக்கரங்களின் சிறு குறைகளையும் கணிப்பொறியால் திருத்த முடியும். எடுத்துக்காட்டாக, பலர் கையாளும் ஸ்கைவாட்ச்சர் ஈ.க்யூ. 6 என்னும் பீடத்தின் பெரிய சக்கரத்தில் 180 பற்கள் உள்ளன. அதை ஓட்டும் திருகு ஏறக்குறைய 8 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றிவரும். அத்திருகின் சிறு கோணலும் 8 நிமிடங்களுக்கு ஒருமுறை படத்தில் அசைவாகத் தோன்றும். கணிப்பொறி இவ்வசைவைக் கவனித்து மோட்டாருக்கு உடனுக்குடன் கட்டளை அனுப்பும். ஆகவே டில்லியில் வசதியாகக் கருதப்படும் வடம், மூணாற்றில் தேவையாகவே ஆகிவிடுகிறது.

புதிய பீடங்கள் சிலவற்றில் யு.எஸ்.பி. துளை பீடத்திலேயே அமைந்திருக்கிறது. அவற்றுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண வடமே போதும். அவ்வாறு அமையாத பீடங்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். அவற்றில் கைக்கட்டுப்பாட்டுக் கருவியைச் செருகும் துளை ஒன்றே இருக்கும். அக்கைக்கருவியைக் கழற்றிவிட்டு, அதே துளைவழியாகக் கணிப்பொறியை நேரே பீடத்தோடு பேசவைப்பதே நம் நோக்கம்.

பேசவைப்பது என்றோம். இரு கருவிகள் பேசிக்கொள்வதும் இரு மனிதர் பேசிக்கொள்வதைப் போன்றதே. ஒருவர் வாயிலிருந்து வருவது மற்றவர் செவிக்குப் போகவேண்டும். மற்றவர் வாயிலிருந்து வருவது முதல்வர் செவிக்கு வரவேண்டும். இவ்விரண்டுக்கும் இரண்டு கம்பிகள். மூன்றாவது கம்பி, மின்னழுத்தத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்பதற்கு இருவருக்கும் பொதுவான அடிநிலை. இதனைப் புவிக்கம்பி என்பர். வாயை வாயோடும் செவியைச் செவியோடும் இணைத்துவிட்டால் இருவரும் பேசியும் ஒருவர் பேச்சும் மற்றவருக்குக் கேளாது. வீட்டில் செய்த வடங்கள் பல முதல்நாள் ஊமையாக நிற்பதற்குக் காரணம் இதுவே. பெரும்பாலும் இதனால் கேடொன்றும் விளைவதில்லை. இரு கம்பிகளை மாற்றி இணைத்தால் ஊமை பேசும்.

கேடு விளைவது வேறோரிடத்தில். கணிப்பொறிகளையும் பிற கருவிகளையும் இணைக்க 1960ஆம் ஆண்டில் ஆர்.எஸ். 232 என்னும் முறை வகுக்கப்பட்டது. அதில் செய்தி, 3 முதல் 15 வோல்ட் வரையுள்ள நேர்மின்னழுத்தமாகவும், அதே அளவுள்ள எதிர்மின்னழுத்தமாகவும் மாறிமாறிச் செல்லும். பீடத்தின் உள்ளே இருக்கும் சில்லோ டி.டி.எல். என்னும் வேறு முறையில் பழகியது. அதற்குச் சூனியமும் 5 வோல்ட்டும் மட்டுமே தெரியும். எதிர்மின்னழுத்தம் என்பதையே அது அறியாது. மேலும் ஒன்றில் ‘ஆம்’ என்பது மற்றதில் ‘இல்லை’. கடையில் எளிதாகக் கிடைக்கும் யு.எஸ்.பி. ஆர்.எஸ். 232 மாற்றியை வாங்கி, செருகி பொருந்துகிறதே என்று பீடத்தின் துளையில் நேரே செருகுவது, நூறு வோல்ட்டுக்குச் செய்த விளக்கை இருநூற்று முப்பது வோல்ட்டில் போடுவது போன்றது. நாம் வாங்கவேண்டியது யு.எஸ்.பி. டி.டி.எல். மாற்றி. அதிலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் என இருவகை உண்டு. பீடத்தின் கையேட்டைப் பார்த்த பின்னரே எதை வாங்குவது என்று முடிவு செய்யவேண்டும்.

யு.எஸ்.பி. என்னும் முறை 1996ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அதனை வகுத்தவர்களுள் முதன்மையான ஒருவர் பரோடாவில் கல்வி கற்ற அஜய் பட் என்னும் இந்தியர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் யு.எஸ்.பி.யின் மொழி பீடத்துக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வேண்டும். மாற்றியின் தலைப்பகுதியில் உள்ள சில்லே அம்மொழிபெயர்ப்பாளன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லு இதற்குப் பேர்பெற்றது; பேர்பெற்ற காரணத்தாலேயே போலிகளும் மலிந்தன. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அந்நிறுவனம் வெளியிட்ட புதிய இயக்கி மென்பொருள், விண்டோஸின் தானியங்கிப் புதுப்பிப்பின் வழியே கணிப்பொறிகளில் புகுந்தது. போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணைச் சூனியமாக மாற்றிவிடும்படி அது அமைந்திருந்தது. நேற்றுவரை வேலை செய்த வடங்கள் மறுநாள் கணிப்பொறிக்கு அடையாளம் தெரியாமற் போயின. போலி என்றறியாமல் வாங்கியவர்களே தண்டனை பெற்றனர். கண்டனம் எழவே அம்மென்பொருள் சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவதே சிக்கனம் என்பதற்கு இது சான்று.

இனி வேலையைத் தொடங்குவோம். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் 5 வோல்ட் மாற்றிவடத்தின் திறந்த முனையில் ஆறு கம்பிகள் இருக்கும். கறுப்பு, புவிக்கம்பி. ஆரஞ்சு, கணிப்பொறியின் வாய். மஞ்சள், கணிப்பொறியின் செவி. சிவப்பு, 5 வோல்ட் மின்சாரம். பழுப்பும் பச்சையும் நமக்கு வேண்டாத வேறு பணிகளுக்குரியவை. வேண்டியவை கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றே. மற்ற மூன்றையும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியே குட்டையாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உறை போட்டுவிட வேண்டும். சிவப்பைப் பீடத்தோடு ஒருபோதும் இணைக்கக்கூடாது. பீடத்துக்கு அதன் சொந்த மின்சாரம் உண்டு. நாம் கொடுப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

மறுமுனைக்கு வருவோம். பல பீடங்களில் உள்ளது எட்டு முனைகள் கொண்ட ஆர்.ஜே. 45 துளை, அலுவலகங்களில் கணிப்பொறி வலையமைப்புக்குப் பயன்படும் அதே துளை. ஒரு வலையமைப்பு வடத்தை வாங்கி நடுவில் வெட்டினால், செருகி பொருத்திய எட்டுக் கம்பிகள் நமக்குக் கிடைத்துவிடும். இங்கே இரண்டு அபாயங்கள் உள்ளன. கைக்கருவி இயங்குவதற்கு வேண்டிய 12 வோல்ட் மின்சாரமும் இதே துளையில்தான் வருகிறது. அக்கம்பி நம் மாற்றியைத் தொட்டால் மாற்றியும் பிழைக்காது, கணிப்பொறியின் துளையும் பிழைக்காமற் போகலாம். இரண்டாவது, எண்ணும் திசை. கையேட்டில் உள்ள படம் துளையை முன்னிருந்து பார்த்து வரைந்ததா, செருகியைப் பார்த்து வரைந்ததா என்பதைக் கவனியாவிட்டால் இடம் வலமாகும், ஒன்று எட்டாகும். கண்ணாடியில் பார்த்துப் படித்த எழுத்தைப் போல எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஆகவே படத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரையும் கேட்கவேண்டும். முதலில் எட்டுக் கம்பிகளின் முனைகளையும் ஒன்றையொன்று தொடாதபடி ஓர் அட்டையில் விரித்து ஒட்டிவிடுக. பீடத்தின் மின்சாரத்தை நிறுத்தி, செருகியைச் செருகி, மின்கலத்தின் எதிர்முனையோடு தொடர்புள்ள கம்பி எது என்று பார்த்தால் புவிக்கம்பி தெரியும். பின்னர் மின்சாரத்தைக் கொடுத்து, புவிக்கம்பிக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இடையே அளந்தால் 12 வோல்ட் காட்டும் கம்பி தானே வெளிப்படும். அதற்கு உடனே அடையாளமிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, முனையை மூடிவிட வேண்டும். மீட்டர் சொல்வதும் கையேடு சொல்வதும் ஒத்துப்போனால் மட்டுமே மேலே செல்லலாம். ஒத்துப்போகாவிடின், ஒத்துப்போகும் வரை ஈயம் பற்றவைக்கும் கோலைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

பற்றவைக்குமுன் ஒரு சோதனை. ஆரஞ்சையும் மஞ்சளையும் தற்காலிகமாகச் சேர்த்து முறுக்கி, மாற்றியைக் கணிப்பொறியில் செருகி, எழுத்துக்களை அனுப்பிப் பார்க்கும் முனைய மென்பொருளைத் திறந்து, ஏதேனும் ஓர் எழுத்தை அழுத்துங்கள். வாயிலிருந்து போனது தன் செவிக்கே வருவதால் அவ்வெழுத்து திரையில் தோன்றும். முறுக்கைப் பிரித்தால் தோன்றாது. மொழிபெயர்ப்பாளன் நலமாக இருக்கிறான் என்பதற்கு இது சான்று.

பிறகு பற்றவைக்கும் வேலை. சூட்டில் சுருங்கும் குழாயுறையை முன்னதாகவே கம்பியில் கோர்த்துக்கொள்ள வேண்டும். பற்றவைத்தபின் கோர்க்க வழியில்லை. கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, கம்பியே ஈயத்தை உருக்கும் அளவுக்குச் சூடேற்றி, ஈயம் உள்ளே பாயவிட வேண்டும். மூன்று இணைப்புக்களையும் ஒரே இடத்தில் வைக்காமல் படிப்படியாகத் தள்ளி வைத்தால், உறை கிழிந்தாலும் ஒன்றோடொன்று தொடாது. இறுதியாக மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய உறை. இருளில் யாரேனும் தடுக்கினால் இழுவிசை இணைப்பின்மேல் விழாதபடி, வடத்தை முக்காலியின் காலோடு சேர்த்துக் கட்டவேண்டும்.

மலைக்குரிய எச்சரிக்கைகள் சில உண்டு. ஜனவரியில் மூணாற்றின் குளிர் நீர் உறையும் நிலையைத் தொடுவதுண்டு. அக்குளிரில் சாதாரண பிளாஸ்டிக் உறை விறைத்துப்போய் இணைப்பை இழுக்கும். சிலிக்கோன் உறையிட்ட கம்பி குழைந்தே இருக்கும். பனிநீர் வடத்தின் வழியே ஓடித் துளைக்குள் புகாதிருக்க, செருகிக்கு அருகே வடத்தைக் கீழ்நோக்கி வளைத்துத் தொங்கவிட வேண்டும். நீர் அவ்வளைவிலிருந்து சொட்டிவிடும். வடம் 5 மீட்டருக்கு மேற்படாதிருப்பது நல்லது. கோடை மழையும் துலா மழையும் இடியோடு வருபவை. தொலைவில் மின்னல் தென்பட்டதுமே செருகிகளைக் கழற்றிவிட வேண்டும்.

முதற் சோதனையைப் பகலில், தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமலே செய்க. மோட்டார் எத்திசையில் ஓடினாலும் சூரிய ஒளி கண்ணிற் பாயாது. மின்சாரம் நின்றிருக்கும்போதே வடத்தைச் செருகி, பின்னர் மின்சாரத்தைக் கொடுக்கவேண்டும். பழைய ஸ்கைவாட்ச்சர் பீடங்களின் பேச்சு வேகம் விநாடிக்கு 9,600 துணுக்குகள், அதாவது ஏறக்குறைய 960 எழுத்துக்கள். கணிப்பொறி அனுப்பும் ஒவ்வொரு கட்டளையும் முக்காற்புள்ளியோடு தொடங்கும். புரிந்துகொண்ட பீடம் சமக்குறியோடு விடை சொல்லும். புரியாவிட்டால் வியப்புக்குறியைத் திருப்பி அனுப்பும். வியப்புக்குறி வந்தாலும் மகிழலாம். புரியவில்லை என்று சொல்வதற்கேனும் பீடம் வாய்திறந்துவிட்டதன்றோ! அதன்பின் ஈ.க்யூ. மாட் போன்ற இலவச மென்பொருள்கள் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இதே வடம் ஆயத்தமாகவும் விலைக்குக் கிடைக்கிறது. வாங்குவதில் இழுக்கில்லை. எனினும் கையால் செய்வதில் வேறொரு பயன் உண்டு. அதற்கு நம் நாட்டு வானநூல் வரலாறே சான்று பகரும். மூணாற்றுக்குக் கிழக்கே, நேர்கோட்டில் 50 கிலோமீட்டர் அளவில், பழனி மலையில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்டது கோடைக்கானல் வானாய்வுக்கூடம். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டு ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். ஜவ்வாது மலையில் காவலூர் நிலையம் 1968ஆம் ஆண்டு ஆய்வைத் தொடங்கியபோது, முதலில் நின்ற 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி கோடைக்கானலில் நம்மவர் கையாலேயே செய்யப்பட்டது. அதே காவலூரில் 1986ஆம் ஆண்டு நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. சிறியதைச் செய்து பழகிய கைகளே பெரியதைச் செய்தன.

மலைவாழ்வோருக்கு இது புதிய பாடமன்று. மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுசென்ற குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது, பின்னர் எழவேயில்லை. 2018ஆம் ஆண்டு வெள்ளத்திலும் சாலைகள் அறுந்து ஊர் தனித்து நின்றது. பாதை அறுந்தபோதெல்லாம் ஊரைக் காத்தது, உள்ளதைக் கொண்டு பழுதுபார்க்கத் தெரிந்த கைகளே. தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறைகளில் யந்திரங்களோடு பழகிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு மல்டிமீட்டரும் ஈயமும் அந்நியமல்ல. அக்குடும்பத்துப் பிள்ளைகளின் கையில் மீட்டரைக் கொடுத்து, புவிக்கம்பியைத் தேடச் சொல்லுங்கள். தேடிக் கண்ட பிள்ளைக்கு அப்பீடம் வெறும் அதிசயப் பொருளாக இராது. பழுதானால் தான் திறந்து பார்க்கக்கூடிய பொருளாகிவிடும்.

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களும் இதனைச் செய்து பார்க்கலாம். வடம் எல்லா ஊருக்கும் ஒன்றே. சாய்க்கவேண்டிய பாகை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அதை வடக்கே நிற்கும் துருவ நட்சத்திரம் சொல்லிக் கொடுக்கும். மீட்டர் சொல்வதைக் கேட்டபின் ஈயத்தைத் தொடுங்கள்.